டக்ட்டுக்குள் கிருமிநாசினிப் புகை போடச் சொல்கிறார்கள். போடலாமா?

தெற்குவாசல் கேட்கிறார்:

வணக்கம். எங்கள் வீட்டில் சென்ட்ரல் ஏசி. குளிர்காற்றும் சூடான காற்றும் ஒரே டக்ட் (காற்றுக் குழாய்) வழியாகத்தான் அறைகளுக்கு வருகின்றன. பழைய வீடு, போன வருடம்தான் வாங்கினோம். குளிர் போட்டதும் முதல் சில நிமிடங்களுக்கு நனைந்த சாக்கு நாற்றம் அடிக்கிறது, அப்புறம் போய்விடுகிறது. படுக்கையறையில் காற்று வரும் கிரில்லின் ஓரத்தில் கறுப்பாகப் புள்ளி புள்ளியாகப் படிந்திருக்கிறது.

டக்ட் சுத்தம் செய்கிற ஒருவரைக் கூப்பிட்டேன். ஒரே ஒரு கிரில்லுக்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "உள்ளே முழுக்கப் பூஞ்சை. மருந்துப் புகை போட்டுவிட்டால் வருஷக்கணக்கில் கவலை இல்லை" என்றார். அரை மணி நேர வேலையாம். என்ன மருந்து என்று கேட்டேன். "ஆஸ்பத்திரியில் அடிக்கிற அதே மருந்துதான்" என்பதோடு பேச்சை முடித்துக்கொண்டார். சின்ன மகளுக்கு வீசிங் உண்டு. மாமியார் அதற்காகவே உடனே அடித்துவிடு என்கிறார், எனக்கோ அதற்காகவே பயமாக இருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மழைக்குருவி:

நாங்கள் அடித்தோம். கொஞ்ச நாள் எலுமிச்சை வாசனை வந்தது. அது போனதும் பழைய நாற்றம் பழையபடி வந்து உட்கார்ந்துகொண்டது.

தாமிரக்குழாய்:

ஏசி வேலையிலேயே தலை நரைத்தவன் நான், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

டார்ச் வெளிச்சத்தில் பார்த்துப் பூஞ்சை என்று அடித்துச் சொல்ல யாராலும் முடியாது. குளிர்காற்று வரும் கிரில் சில்லென்று இருக்கும். அறையில் ஈரப்பதம் அதிகமாக இருந்தால் அதன் மேல் வியர்க்கும், வியர்த்த இடத்தில் தூசி ஒட்டும். மெழுகுவத்தி ஏற்றுகிற வீட்டில் கரியும் சேர்ந்துகொள்ளும். ஸ்குரூவைக் கழற்றிக் கிரில்லை இறக்கிப் பாருங்கள். கறுப்பு கிரில்லின் முகத்தில் மட்டும் இருந்து, உள்ளே தகரம் வெறும் தூசியோடு இருந்தால், கோளாறு டக்ட்டில் இல்லை, அறையின் ஈரத்தில் இருக்கிறது. கழற்றிய கிரில்லில் ஒரு புள்ளியின் மேல் தண்ணீர் கலந்த பிளீச் ஒரு சொட்டு விட்டு ஓரிரு நிமிடம் பொறுங்கள். வெளுத்தால் பூஞ்சையாக இருக்கலாம். கறுப்பு அப்படியே நின்றால் பெரும்பாலும் கரியோ தூசியோதான்.

இனி அந்தச் சாக்கு நாற்றம். போட்டவுடன் வந்து பிறகு போகிறது என்றால் நான் முதலில் திறப்பது டக்ட்டை அல்ல, காயில் (காற்றைக் குளிர்விக்கும் குழாய்ச் சுருள்) இருக்கும் பெட்டியை. குளிர் ஓடும்போது காயில் எப்போதும் நனைந்தே இருக்கும். காற்றிலிருந்து பிழியும் தண்ணீர் அதன் தகடுகளில் வழிந்து கீழே டிரேயில் விழுந்து, டிரெயின் பைப் வழியாக வெளியேற வேண்டும். ஃபில்டர் சட்டத்தில் சரியாக உட்காராமல் ஓரத்தில் விரல் நுழைகிற சந்து இருந்தாலும் போதும், தூசி நேராகப் போய் அந்த ஈரத்தில் அப்பிக்கொள்ளும். டிரேயில் பழுப்பு நிறத்தில் கொழகொழவென்று ஒரு படலம் மிதக்கும், குச்சியால் தூக்கினால் முழுத் தோலாக எழுந்து வரும். பைப்பின் வளைவை அடைப்பதும் அதுதான். மின்சாரத்தை அணைத்துவிட்டு மூடியைத் திறந்து, டிரேயில் ஒரு குவளை தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். வெளியே பைப் முனையில் அது வந்து விழ வேண்டும். உள்ளேயே நின்றால் அடைப்பு.

இன்னொன்றையும் கவனியுங்கள். தெர்மோஸ்டாட்டில் ஃபேனை 'ஆன்' என்று வைத்திருக்கிறீர்களா, 'ஆட்டோ'வா? 'ஆன்' என்றால் கம்ப்ரஸர் நின்ற பிறகும் ஃபேன் சுற்றிக்கொண்டே இருக்கும், காயிலில் மிச்சமிருக்கும் ஈரம் மறுபடி வீட்டுக்குள்ளேயே போகும். ஈரமான காலத்தில் 'ஆட்டோ'தான் நல்லது. வீட்டுக்குள் ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், 30க்கும் 50க்கும் இடையில் நின்றால் ரொம்ப நல்லது. ஈரப்பதம் அளக்கும் சின்ன ஹைக்ரோமீட்டர் ஒன்று வாங்கி வைத்தால் தெரிந்துவிடும்.

இப்போது மருந்துக்கு வருகிறேன். அடிக்க வருகிறவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, டக்ட் எதனால் ஆனது என்பது. வெறும் தகரமா, உள்பக்கம் கண்ணாடி இழை ஒட்டிய டக்ட்டா? அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையான இபிஏ இதில் கறாராக இருக்கிறது. கண்ணாடி இழைப் பலகையிலோ அந்த உள்ளுறை போட்ட டக்ட்டிலோ அடிப்பதற்கென்று எந்தக் கிருமிநாசினியையும் தான் பதிவு செய்யவில்லை என்கிறது. அந்த உறை நனைந்து பூஞ்சை பிடித்துவிட்டால் சுத்தம் செய்து பயனில்லை, எடுத்துவிட்டுப் புதிதாகத்தான் போட வேண்டும் என்றும் சொல்கிறது. பஞ்சு மாதிரியான பொருளின் மேல் தெளிக்கிற மருந்து உள்ளே இருக்கும் வேர் வரைக்கும் போகாது.

வெறும் தகர டக்ட் என்றாலும் லேபிளைப் படிக்காமல் விடாதீர்கள். மருந்தின் பெயர், பதிவு எண், எந்த இடத்தில் பயன்படுத்தலாம் என்பது எல்லாம் அதில் இருக்கும். 'ஆஸ்பத்திரி மருந்து' என்பது தரைக்கும் மேஜைக்கும் அனுமதி பெற்றதாக இருக்கலாம். காற்று ஓடும் டக்ட் அந்த லேபிளில் இல்லையென்றால் அதை அங்கே அடிக்கக் கூடாது, அவ்வளவுதான். மருந்து வேலை செய்ய, பரப்பு முதலில் சுத்தமாக இருக்க வேண்டும். பிறகு லேபிள் சொல்கிற நேரம் வரை, பல மருந்துகளுக்குப் 10 நிமிடம், ஈரமாகவே நிற்க வேண்டும். தூசிப் படுகையின் மேல் கடந்து போகும் புகையால் இந்த இரண்டுமே நடக்காது. இதை எந்தச் சுத்தக்காரரிடம் சொன்னாலும் முகம் மாறும்.

உங்கள் மகள் விஷயத்தில் இதையும் யோசியுங்கள். செத்த பூஞ்சையும் ஒவ்வாமையைத் தூண்டும். கொன்றுவிட்டோம் என்று உள்ளேயே விட்டுவைத்தால் ஃபேன் அதை அறைக்குள் ஊதிக்கொண்டேதான் இருக்கும். மருந்தின் நெடி வேறு வீசிங்கைக் கிளப்பலாம். ஓசோன் மெஷின் வைக்கிறேன் என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள், ஓசோனே நுரையீரலைப் புண்ணாக்கும்.

மழைக்குருவி:

அண்ணே, காயில் பக்கத்தில் யூவி (புற ஊதா) விளக்கு மாட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்களே?

தாமிரக்குழாய்:

காயிலுக்கும் டிரேக்கும் உதவும். விளக்கு இரவும் பகலும் அதே ஈரப் பரப்பைப் பார்த்துக்கொண்டே இருப்பதால் அங்கே பூஞ்சை வளராது. ஓடுகிற காற்று விளக்கைக் கடக்க ஒரு கணம்தான் எடுக்கும், அதில் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். டக்ட்டின் வளைவுகளுக்குள் வெளிச்சமே போகாது. அப்புறம், எரியும்போது அதை நேராகப் பார்க்கக் கூடாது.

தெற்குவாசல்:

சார், மூடியைத் திறந்து பார்த்தேன். நீங்கள் சொன்ன அதே கொழகொழப்பு, தண்ணீர் இறங்கவே இல்லை. அறைகளுக்குப் போகிற டக்ட் எல்லாம் வெறும் தகரம், உள்ளே தூசி மட்டும். ஆனால் காயில் பெட்டியை ஒட்டிய முதல் துண்டில் மட்டும் உள்ளே மஞ்சள் பஞ்சு இருக்கிறது. தொட்டால் ஈரம், கறுப்புத் திட்டுகளும் இருக்கின்றன. சுத்தக்காரரிடம் சொன்னேன். அதன் மேல் பூச்சு அடித்து மூடிவிடலாம் என்கிறார்.

தாமிரக்குழாய்:

மூட விடாதீர்கள். அந்த மஞ்சள் பஞ்சுதான் நான் சொன்ன கண்ணாடி இழை உறை. ஈரப் பஞ்சின் மேலும் வளர்கிற பூஞ்சையின் மேலும் பூச்சு அடிக்கவே கூடாது. முதலில் டிரெயின் அடைப்பை எடுங்கள், இல்லையென்றால் புதிதாகப் போடுவதும் நனையும். அடுத்து அந்தத் துண்டை மட்டும் கழற்றிவிட்டு, காப்புப் பஞ்சு வெளிப்பக்கம் வருகிற மாதிரி தகர டக்ட் கேளுங்கள். கழற்றும்போது மற்ற வாய்களையெல்லாம் பிளாஸ்டிக் தாளால் ஒட்டி மூட வேண்டும், சிஸ்டம் அணைந்திருக்க வேண்டும், மகள் அன்றைக்கு வேறு வீட்டில் இருக்கட்டும். மிச்சமிருக்கும் தகரத்தைச் சுத்தம் செய்வதானால், பெரிய வேக்கும் வைத்து டக்ட்டை உறிஞ்சு அழுத்தத்தில் வைத்துக்கொண்டு பிரஷ் போட வேண்டும். அது அரை மணி நேர வேலை இல்லை. உங்கள் வீட்டில் வெறும் தூசிதான் என்றால் அதற்குக்கூட இப்போது அவசரமில்லை. வழக்கமாக வருடாவருடம் டக்ட் சுத்தம் செய்யச் சொல்லி இபிஏவும் பரிந்துரைப்பதில்லை. அந்தப் பணத்தில் சந்து விடாமல் உட்காரும் ஃபில்டர் சட்டம் ஒன்று செய்துகொள்ளுங்கள்.