அக்காவோட செடானும் அப்பாவோட முழங்காலும்

*குழு: நெல்லை வீட்டு உறவுகள்*
வெள்ளி, இரவு 8:12

நான்: எல்லாருக்கும் வணக்கம். கார் எடுக்கிறதா முடிவு பண்ணியாச்சு. மனசு செடான்லதான் நிக்குது, பின்னாடி டிக்கி தனியா நீட்டிக்கிட்டு இருக்குமே, அந்த மாதிரி கார். ஆனா ஆபீஸ்ல ஒருத்தர் விடாம "இப்ப யாருப்பா செடான் வாங்குறா, உயரமா ஒண்ணு எடு"ன்னு சொல்றாங்க. அக்கா, நீ ஏழு வருஷமா ஓட்டுற. விளம்பரத்துல வர்றதை விடு. ஓட்டும்போது எப்படி இருக்கும், அதைச் சொல்லு.

கோவை சித்தப்பா: ரொம்ப சந்தோஷம்பா. புதுசா, பழசா?

நான்: புதுசுதான் சித்தப்பா. ஹூண்டாய் வெர்னா, ஹோண்டா சிட்டி, ஸ்கோடா ஸ்லாவியா மூணையும் போய்ப் பார்த்தேன். மாருதி சியாஸ் பிடிக்கும், ஆனா 2025லயே நிறுத்திட்டாங்க.

நெல்லை அத்தை: நல்லா இரு மருமவனே. டிக்கி பெருசா இருக்கான்னு பாத்துக்கோ. ஊர்லேருந்து கிளம்பும்போது தேங்கா, அரிசின்னு நான் எதையாவது ஏத்தி விடுவேன்.

அக்கா: அத்தை, அந்தக் கவலையே வேண்டாம். தம்பி, பிள்ளைங்களைச் சாப்பிட வச்சுட்டு வர்றேன். இது ரெண்டு வரியில சொல்ற விஷயம் இல்ல.

8:51

அக்கா: கேளு. போன ஆடியில ஊருக்குப் போனோம்ல, அத்தானுக்கு லீவு கிடைக்கல, முழுக்க நான்தான் ஓட்டினேன். முன்னாடி அப்பா, பின்னாடி அம்மாவும் ரெண்டு பிள்ளைங்களும். டிக்கி நிறைய சாமான். தாம்பரத்துல விடியக்காலை 4 மணிக்கு வண்டிய எடுத்தோம்.

கோவில்பட்டி தாண்டினதும் காற்று பிடிச்சுக்கிச்சு. செங்கோட்டைக் கணவாய் வழியா மேற்கேயிருந்து வர்ற ஆடிக் காற்று. கயத்தாறைச் சுத்தி அத்தனை காற்றாலை நிக்கிறதே அதுக்காகத்தானே. ஒரு மேம்பாலத்து மேல ஏறினப்போ எனக்கு முன்னாடி போன உயரமான வண்டி இடது பக்கமா ஒரு முழம் நகர்ந்துச்சு. டிரைவர் ஸ்டியரிங்கை இழுத்துப் பிடிக்கிறது பின்னாடி இருந்த எனக்கே தெரிஞ்சுது. அதே இடத்துல நம்ம வண்டியையும் காற்று தள்ளுச்சு, இல்லேன்னு சொல்லமாட்டேன். ஆனா கையில லேசா ஒரு இழுப்பு, அவ்வளவுதான். கண்ணாடியில பின்னாடி பார்த்தேன். மூணு பேரும் அசந்து தூங்குறாங்க.

எனக்கு வண்டிக்கு அளவுகோல் அதுதான்டா. பின்னாடி இருக்கிறவங்க தூங்கணும்.

அம்மா: ஆமா. கட்டபொம்மன் மணிமண்டபம் வந்துச்சுன்னு அப்பா எழுப்பினப்போதான் முழிச்சேன்.

கோவை சித்தப்பா: அது உண்மைதான் பாப்பா. என் உயரமான வண்டியில உட்கார்ந்தா நாலு ஊருக்கு அங்கிட்டு தெரியும், அது எனக்குப் பிடிக்கும். ஆனா கொல்லிமலை போனப்போ 70 கொண்டை ஊசி வளைவுல என் பேரன் பாதி மலை ஏறுறதுக்குள்ள வாந்தி எடுத்துட்டான். உன் வண்டிக்கு மாத்தி உட்கார வச்ச பிறகு பேச ஆரம்பிச்சான்.

அக்கா: நினைவிருக்கு சித்தப்பா. வண்டியோட எடை தரையை ஒட்டி இருந்தா வளைவுல மேல்பாகம் சாயுறது குறையும். உள்ளே இருக்கிறவங்க தலை அவ்வளவா ஆடாது. பிள்ளைங்களுக்குக் குமட்டல் வர்றது அந்த ஆட்டத்துலதான்.

ஆனா மலையில வண்டி மட்டும் போதாது. எந்த கியர்ல ஏறினோமோ அதே கியர்ல இறங்கணும். மூணாவது கியர்ல விட்டுட்டு பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வந்தா அடிவாரம் வர்றதுக்குள்ள தீஞ்ச வாடை வரும். தம்பி, நீ ஆட்டோமேட்டிக் எடுத்தாலும் இறக்கத்துல கியர் லீவரை டி-யிலயே விட்டு உட்காராதே. கீழ் கியருக்கான எல் போடு, இல்லேன்னா ஸ்டியரிங் பின்னாடி கியர் மாத்த இருக்கிற பேடலை வச்சு இன்ஜினை இழுத்துப் பிடிக்க விடு.

நான்: சரிக்கா. ஓவர்டேக்? அஞ்சு பேர், ஏசி, 1.5 லிட்டர் இன்ஜின், திணறுமா?

அத்தான்: மாப்ள, இதை நான் சொல்றேன். ராஜபாளையம்–தென்காசி ரோட்டுல லாரிக்குப் பின்னாடி மாட்டினா தெரியும். டர்போன்னா காற்றை அழுத்தி இன்ஜினுக்குள்ள தள்ளுற விசிறி; அது இல்லாத 1.5 பெட்ரோல்ல இன்ஜின் வேகமா சுத்தும்போதுதான் முழு இழுவை வரும். சிட்டியில 145 நியூட்டன் மீட்டர், அது கிடைக்கிறது 4,300 ஆர்பிஎம்ல, அதாவது இன்ஜின் நிமிஷத்துக்கு அத்தனை சுத்து சுத்தும்போது. அஞ்சாவது கியர்லயே கால் வச்சா வண்டி யோசிக்கும். மூணாவதுக்கு இறக்கிட்டுப் போனா சத்தம் போடும், ஆனா போயிடும். வெர்னா டர்போ வேற மாதிரி. 253 நியூட்டன் மீட்டர், 1,500 ஆர்பிஎம்லயே கிடைக்கும். கியரைத் தொடாமலே தாண்டிடலாம்.

அக்கா: அது சரிதான். ஆனா குடும்பத்தோட போறவனுக்கு டர்போ கட்டாயம்னு நான் சொல்லமாட்டேன். டர்போ இல்லாத இன்ஜின்ல ஒரு நிதானம் இருக்கு. கால் எவ்வளவு வைக்கிறோமோ அவ்வளவுதான் போகும், திடீர்னு பாயாது. அம்மா மடியில டிபன் டப்பா இருக்கும்போது எனக்கு அந்த நிதானம்தான் வேணும். கியரைக் குறைக்கத் தயங்காம இருந்தா போதும்.

சித்தப்பா பையன்: அண்ணா, ஒரு கணக்கு. 2025 செப்டம்பர் 22க்கு அப்புறம் நாலு மீட்டருக்குள்ள, 1,200 சிசிக்குள்ள இருக்கிற பெட்ரோல் வண்டிக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். நீங்க பார்க்கிறதுக்கெல்லாம் 40. டிசையர் மாதிரி சின்ன செடான் எடுத்தா நிறைய மிச்சம்.

நான்: அதான்டா யோசனை.

அக்கா: மிச்சம் பெருசுதான், அதை லேசா சொல்லமாட்டேன். ஊருக்குள்ள மட்டும் ஓட்டுறவனுக்கு டிசையர் தாராளம். ஆனா இந்த வண்டிங்க எல்லாம் நாலரை மீட்டர். அந்த கூடுதல் அரை மீட்டர் எங்க போகுதுன்னு பாரு. பின்சீட்டுல கால் நீட்டுற இடத்துக்கும் டிக்கிக்கும் போகுது. டிசையர் டிக்கி 382 லிட்டர். சிட்டி 506, ஸ்லாவியா 521, வெர்னா 528. நீ வருஷத்துக்கு மூணு தடவை 600 கிலோமீட்டர் போறவன்.

நெல்லை அத்தை: லிட்டர் கணக்கு எனக்கு வெளங்கல. தேங்கா எத்தனை புடிக்கும்?

அக்கா: போன தடவை நீங்க குடுத்த ரெண்டு மூட்டை, ஒரு வாழைத்தார், நாலு பெட்டி, எல்லாம் போச்சே அத்தை. அதுல முக்கியமான விஷயம் ஒண்ணு இருக்கு. கருவாடும் பலாப்பழமும் குடுத்தீங்களே, வீடு வந்து டிக்கி திறக்கிற வரைக்கும் உள்ளே வாடையே தெரியல. செடான்ல டிக்கி தனி அறை மாதிரி. மத்த வண்டியில சீட்டுக்குப் பின்னாடியே சாமான் இருக்கும், தாம்பரம் வர்ற வரைக்கும் பலாப்பழம் கூடவே உட்கார்ந்து வரும்.

டயர் சத்தமும் அப்படித்தான், பின்னாடியிருந்து உள்ளே வர்றது குறைவு. ஆனா ஒண்ணு, டிக்கியோட வாய் சின்னது. பிள்ளையோட சைக்கிள், உயரமான பெட்டி இதெல்லாம் நுழையாது.

அத்தான்: வாஷிங் மிஷின் கொண்டு வரப் போய் கடையிலேருந்து வெறும் வண்டியா திரும்பினோம்.

நான்: அடி தட்டுறது? பள்ளிக்கரணை ரோடு உனக்குத் தெரியும்.

அக்கா: தட்டும். பொய் சொல்லமாட்டேன். ஒருத்தியா போனா எங்கயும் தட்டாது. அஞ்சு பேர் ஏறி டிக்கியும் நிறைஞ்சா பின்பக்கம் அமுங்கிடும், அப்பதான் வேகத்தடையில நடுவயிறு உரசும். முதல் தடவை அந்தச் சத்தம் கேட்டப்போ என் வயித்துலயே உரசின மாதிரி இருந்துச்சு.

பழகினா ஒரு முறை இருக்கு. வேகத்தடைக்கு முன்னாடியே வேகத்தைக் குறைச்சிடு. ஆனா சக்கரம் ஏறும்போது பிரேக்ல கால் இருக்கக் கூடாது. பிரேக் பிடிச்சா மூக்கு குனியும், கால் எடுத்தா நிமிரும். அந்த நிமிர்ற இடைவெளி போதும். ரொம்ப உயரமா இருந்தா கொஞ்சம் கோணலா, ஒரு சக்கரம் ஒரு சக்கரமா ஏத்து. பின்னாடி வர்றவன் ஹாரன் அடிப்பான், அடிக்கட்டும்.

தரை இடைவெளி சிட்டி, வெர்னா 165 மில்லிமீட்டர், ஸ்லாவியா 179. உங்க தெருவுக்கு அந்த 14 மில்லிமீட்டர் பெருசு.

அப்புறம் ஊருக்குக் கிளம்புற அன்னைக்கு டயர்ல காற்று. டிரைவர் கதவைத் திறந்தா பக்கத்துத் தூண்ல ஸ்டிக்கர் இருக்கும், ஆள் நிறைஞ்சா எவ்வளவு வைக்கணும்னு தனியா போட்டிருப்பாங்க. அதைப் பார்த்து, ஓடி டயர் சூடாகுறதுக்கு முன்னாடி வை.

கோவை சித்தப்பா: மழைத் தண்ணியை மறந்துடாதே. 2015ல பார்த்தோம், 2023 மிக்ஜாம்ல பார்த்தோம்.

அக்கா: அதுதான் சித்தப்பா செடானுக்குப் பெரிய பயம். காற்று இழுக்கிற குழாய் வழியா தண்ணி போனா இன்ஜின் போச்சு. தண்ணியில வண்டி நின்னுட்டா மறுபடி சாவியைத் திருப்பவே கூடாது, இறங்கித் தள்ளணும். தம்பி, இன்சூரன்ஸ்ல இன்ஜின் பாதுகாப்புன்னு தனியா சேர்க்கச் சொல்லு. மழை எச்சரிக்கை வந்தா வேளச்சேரி மேம்பாலத்துல ஜனங்க வண்டி கொண்டு போய் நிறுத்துறாங்களே, நீயும் கூச்சப்படாம நிறுத்து.

9:34

அம்மா: எல்லாம் சரி. நான் ஒண்ணு கேக்குறேன். அப்பா முழங்கால்?

அம்மா: போன தடவை விக்கிரவாண்டியில டீ குடிக்க இறங்கினப்போ கதவைப் பிடிச்சுக்கிட்டு ரெண்டு தடவை எழுந்திருக்கப் பார்த்தாங்க. முடியல. நான்தான் கை குடுத்தேன்.

அக்கா: பார்த்தேன்மா. அன்னைக்கு எனக்கு மனசே சரியில்ல. இவ்வளவு நேரம் நான் எழுதின அத்தனைக்கும் எதிர்ப்பக்கம் இதுதான். செடான்ல உட்கார்றதுன்னா கீழே இறங்குறது, எழுந்திருக்கிறதுன்னா மேல ஏறுறது. உயரமான வண்டியில இடுப்பு மட்டத்துக்கே சீட் இருக்கும், அப்படியே நகர்ந்துக்கலாம். மூட்டு வலி உள்ளவங்களுக்கு அந்த வித்தியாசம் ஒவ்வொரு தடவையும் வலிக்கும்.

நான்: மாசம் ரெண்டு தடவை ஆஸ்பத்திரிக்கு அப்பாவைக் கூட்டிட்டுப் போறதும் இந்த வண்டியிலதான்.

அத்தான்: முன்சீட் உயரம் ஏத்தலாம் மாப்ள, ஆனா எல்லா மாடல்லயும் பக்கத்து சீட்டுக்குக் கிடையாது. பார்த்துக் கேளு.

அக்கா: இப்ப நாங்க கெட்டியான ஒரு திண்டு போட்டிருக்கோம். முதல்ல முதுகு பக்கமா உட்கார்ந்துட்டு, அப்புறம் ரெண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்பணும். ஒரு காலை மட்டும் உள்ளே வச்சா முழங்கால் முறுக்கும். அப்பாவுக்குச் சொல்லிக் குடுத்தேன், அவசரத்துல மறந்துடுறாங்க.

*அப்பா தட்டச்சு செய்கிறார்…*

அப்பா: எல்லாம் படிச்சேன். என் முழங்காலுக்காக அவனுக்குப் பிடிச்ச வண்டியை விட வேண்டாம். கயத்தாறு காற்றுல நானும் முன்னாடி உட்கார்ந்து பார்த்தேன். பாப்பா ஓட்டினது அப்படி இருந்தது. கை கொடுத்தா எழுந்துக்குவேன்.

நான்: அப்பா, அப்படிச் சொல்லாதீங்க.

அக்கா: அப்பா, நீங்க விட்டுக்குடுத்து அவன் வாங்கினா, அப்புறம் வெளிய போகணும்னாலே "நீங்க போய்ட்டு வாங்க, நான் வீட்ல இருக்கேன்"னு சொல்லுவீங்க. உங்களை எனக்குத் தெரியும். நீங்க ஏறாத வண்டி எங்களுக்கு எதுக்கு?

தம்பி, ஞாயித்துக்கிழமை காலையில பத்து மணிக்கு ஷோரூம் திறப்பான், மூணு கம்பெனி ஷோரூமுக்கும் போவோம். அப்பாவையும் கூட்டிட்டு வா, நானும் வர்றேன். நீ ஓட்டிப் பார்க்கிறது அப்புறம். முதல்ல அப்பா மூணு வண்டியிலயும் முன்சீட்ல ஒரு தடவை, பின்சீட்ல ஒரு தடவை யாரும் கை குடுக்காம ஏறி இறங்கட்டும். பக்கத்துலயே உயரமான வண்டி ஒண்ணும் நிக்கும்ல, அதுலயும் ஏறிப் பார்க்கட்டும். முடியலேன்னா எனக்கு எவ்வளவு பிடிச்சிருந்தாலும் செடான் வேண்டாம்.

கோவை சித்தப்பா: இது சரியான பேச்சு. அண்ணே, போய்ட்டு வாங்க.

நெல்லை அத்தை: அண்ணாச்சி, மெதுவா ஏறுங்க. அவசரப்படாதீங்க.

அப்பா: சரிம்மா. எப்பவும் கட்டுற வேட்டியிலயே வர்றேன். அப்பதான் சரியா தெரியும்.