இணைப்புக்கு முன் ஒரு கிராம சபை

(குடும்பக் குழு, 22 ஜனவரி 2025)

பெரியப்பா: நம் ஊராட்சியை மாநகராட்சியுடன் இணைக்கும் உத்தேச அறிவிப்பை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நான் வரவேற்கிறேன். சாலையோர மனைப்பிரிவில் நாங்கள் குடியேறிப் பத்து ஆண்டுகள் ஆகியும் கழிவுநீர் வாசலிலேயே தேங்குகிறது. ஊராட்சியின் வருமானத்தில் பாதாளச் சாக்கடை அமைக்க வழியே இல்லை.

அத்தை: அண்ணா, உங்கள் தெருவின் சிரமத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் 100 நாள் வேலைச் சட்டம் ஊரகப் பகுதிக்கு மட்டுமே உரியது. இணைந்த மறுநாள் ஏரிக்கரைத் தெருவில் எங்கள் அட்டைகள் வெறும் காகிதமாகிவிடும். நாளுக்கு 319 ரூபாய் என்று நிர்ணயித்த கூலி முழுதாகக் கைக்கு வராத வாரங்களும் உண்டு. அப்படியிருந்தும், போன கோடையில் வரத்துக் கால்வாய் தூர்வாரிய கூலியில்தான் பக்கத்து வீட்டு அக்கா மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டினார். அந்த அட்டையை மஞ்சள் துணியில் சுற்றி அரிசிப் பானைக்குள் வைத்திருக்கிறார்.

தம்பி: பெரியப்பா, இணைந்தாலே சாக்கடை வந்துவிடும் என்று நம்ப வேண்டாம். 2011-இல் 9 நகராட்சிகளும் 8 பேரூராட்சிகளும் 25 ஊராட்சிகளும் சேர்ந்ததால் சென்னை மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது. சேர்ந்த பகுதிகள் பலவற்றில் பத்து ஆண்டுகள் கடந்தும் பாதாளச் சாக்கடைப் பணி முடியவில்லை.

பெரியப்பா: தாமதமாகவாவது வரும் அல்லவா? இப்போது அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

மாமா: மச்சான், எனக்கு வேறொரு வருத்தம். நம் ஊராட்சித் தலைவரின் பதவிக்காலம் இம்மாதம் 5-ஆம் தேதியோடு முடிந்து, இப்போது தனி அலுவலர்தான் பொறுப்பில் இருக்கிறார். நாம் ஓட்டுப் போட்டு அனுப்பியவர் ஒருவரும் இல்லாத நேரத்தில் ஊரின் எல்லையை மாற்றுவது எந்த வகையில் நியாயம்? கட்சிக்காரர்கள் ஒருவரையொருவர் குற்றம் சாட்டுகிறார்கள். ஏரிக்கரைக்கு வந்து கேட்டவர் ஒருவரும் இல்லை. நாளை மாநகராட்சியின் ஒரு வார்டில் நாம் ஒரு மூலையாகிவிட்டால், தெருவிளக்கு எரியவில்லை என்று யார் வீட்டு வாசலில் போய் நிற்பது?

பெரியப்பா: தலைவர் இல்லாத நேரத்தில் முடிவெடுப்பது தவறு என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். அத்தனை பேரின் பிழைப்பில் கைவைத்துத்தான் என் தெருவுக்குச் சாக்கடை வர வேண்டும் என்று நான் கேட்கவில்லை.

தம்பி: அப்படியானால் வரும் 26-ஆம் தேதி கிராம சபையில் இரண்டு பக்கமும் சேர்ந்தே பேசலாம். ஊரக வேலையை இழப்பவர்களுக்கு மாற்று வேலை என்ன, வீட்டு வரி எவ்வளவு உயரும், சாக்கடைக்கு எந்த ஆண்டு நிதி ஒதுக்குவார்கள் என்ற மூன்றுக்கும் எழுத்தில் பதில் வரும்வரை இணைப்பை நிறுத்திவைக்கத் தீர்மானம் கேட்போம். வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வராமல், தீர்மானப் புத்தகத்தில் ஏறியதைப் படித்துப் பார்த்த பிறகே கையெழுத்திடுங்கள்.

அத்தை: எங்கள் தெருப் பெண்கள் எல்லோரையும் அட்டையோடு அழைத்து வருகிறேன். அண்ணா, மனைப்பிரிவு ஆட்களை நீங்கள்தான் கூட்டிவர வேண்டும். அவர்கள் இதுவரை சபைக்கு வந்ததே இல்லை.

பெரியப்பா: இன்று மாலையே வீடு வீடாகப் போய்ச் சொல்கிறேன். தீர்மானத்தின் நகலோடு 27-ஆம் தேதி திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்துக்கும் போவோம். மனுவைத் தம்பி எழுதட்டும். சாக்கடையை அதில் விட்டுவிடாதே.