எஸ்.யு. எச்.எஸ்.2 கார்புரேட்டர்: சோக்கைப் பாதி தள்ளினால் இன்ஜின் அணைகிறது

பச்சை_மைனர்:
மோரிஸ் மைனர் 1000, 1098 சிசி இன்ஜின், ஒற்றை எஸ்.யு. எச்.எஸ்.2. சோக் கேபிள் புதிது. குளிர்ந்த இன்ஜின் ஃபுல் சோக்கில் (சோக் குமிழை முழுக்க வெளியே இழுத்த நிலையில்) உடனே ஸ்டார்ட் ஆகிறது. குமிழைப் பாதி உள்ளே தள்ளியதும் அணைந்துவிடுகிறது. சூடான பிறகு குமிழ் முழுக்க உள்ளே இருந்தாலும் பெட்ரோல் வாடை, ஐட்லிங் நொண்டல், பிளக்கில் கரி. பெட்ரோல்-காற்றுக் கலவையின் அளவை மாற்றும் மிக்சர் நட்டை ஒரு முழுச் சுற்று மேலே ஏற்றியும் துளி மாற்றமில்லை. கேபிளில் கோளாறா, பெட்ரோல் வரும் குழாயான ஜெட்டிலா? எந்த வரிசையில் சரிசெய்வது?

டாப்கியர்:
குளிரில் பாதி சோக்கில் அணையுதுன்னா மிக்சர் லீன், அதாவது பெட்ரோல் கம்மி. நட்டை ரெண்டு சுற்று கீழே இறக்குங்க, சோக்கே தேவைப்படாது.

ஸ்பேனர்_பெட்டி:
நட்டை இறக்க வேண்டாம். ஏற்கெனவே பிளக்கில் கரி இருக்கிறது. இன்னும் ரிச் ஆக்கினால், அதாவது பெட்ரோலைக் கூட்டினால், சிலிண்டர் சுவரில் இருக்கும் எண்ணெயைப் பெட்ரோல் கழுவிவிடும், கீழே இறங்கி இன்ஜின் ஆயிலிலும் கலக்கும்.

நட்டை ஏற்றியும் மாற்றமில்லை என்றீர்களே, விடை அதில்தான் இருக்கிறது. எஸ்.யு.வில் சோக் என்பது காற்றை அடைக்கும் தகடு அல்ல. குமிழை இழுத்தால் ஜெட் கீழே இறங்கும், ஜெட்டுக்குள் இறங்கி நிற்கும் ஊசிக்கும் ஜெட்டுக்கும் இடையே வழி பெரிதாகி பெட்ரோல் கூடும். குமிழை உள்ளே விட்டால் ஜெட் மேலேறி மிக்சர் நட்டின் அடியில் முட்டி நிற்கவேண்டும். உங்கள் ஜெட் நட்டைத் தொடவே இல்லை. அப்புறம் நட்டை எவ்வளவு திருகினால் என்ன?

சோதனை எளிது. இன்ஜின் சூடாக ஓடும்போது, குமிழ் உள்ளே இருக்க, ஜெட்டின் அடித்தலையை விரலால் மேலே தள்ளுங்கள். ஐட்லிங் சீரானால் சந்தேகமே வேண்டாம். கீழேயே எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் கொதித்துக்கொண்டிருக்கும், கை பத்திரம்.

பிறகு இந்த வரிசையில் போங்கள்:

கார்புரேட்டர் பக்கம் சோக் கேபிளைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூவைத் தளர்த்தி கேபிளைக் கழற்றுங்கள். லிவரைக் கையால் ஆட்டினால் ஜெட் தடையில்லாமல் இறங்கி, விட்டதும் ஸ்பிரிங் இழுப்பில் நட்டில் போய் ஒட்டவேண்டும். பிசுபிசுத்தால் ஜெட்டை முழுக்க இறக்கி, வெளியே தெரியும் பளபளப்பான பகுதியைப் பெட்ரோல் நனைத்த துணியால் துடைத்து, லேசான எண்ணெய் ரெண்டு சொட்டு விட்டு ஏற்றி இறக்குங்கள். பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் கிண்ணத்திலிருந்து ஜெட்டுக்கு வரும் நைலான் குழாய் முறுக்கிக்கொண்டிருந்தாலும் ஜெட்டைப் பக்கவாட்டில் இழுத்துப் பிடிக்கும்.

கேபிள் கழன்ற நிலையிலேயே மிக்சரைச் சரிசெய்யுங்கள். நீங்கள் ஏற்றிய ஒரு சுற்றை முதலில் திரும்ப இறக்குங்கள், இல்லையென்றால் ஜெட் ஒழுங்காக உட்கார்ந்ததும் லீனாகிவிடும். அளவே தெரியவில்லை என்றால் கார்புரேட்டரின் பிஸ்டனை (இன்ஜின் பிஸ்டன் அல்ல, ஊசியைத் தாங்கி மேலே கீழே நகர்வது) தூக்கி எடுத்துவிட்டு, ஜெட்டின் வாய் பாலத்தோடு, அதாவது காற்று வழியில் ஜெட்டைச் சுற்றியுள்ள மேட்டோடு, மட்டமாகும்வரை நட்டை ஏற்றி, அங்கிருந்து அறுகோண நட்டின் 12 பக்கம், அதாவது 2 சுற்று இறக்குங்கள். அது தொடக்கப்புள்ளிதான். எல்லாவற்றையும் மாட்டி, இன்ஜினை நன்றாகச் சூடாக்கி, லிஃப்டிங் பின் என்னும் சிறு ஊசியைத் தள்ளி பிஸ்டனை 0.8 மி.மீ. மட்டும் தூக்கிப் பாருங்கள். வேகம் ஏறி அப்படியே நின்றால் ரிச், நட்டை ஒரு பக்கம் ஏற்றுங்கள். வேகம் விழுந்தால் லீன், ஒரு பக்கம் இறக்குங்கள். ஒரு கணம் லேசாக ஏறித் திரும்பினால் சரி.

இப்போது கேபிள். குமிழை முழுக்க உள்ளே தள்ளி, லிவர் அசையத் தொடங்குவதற்கு முன் சுமார் 1.5 மி.மீ. தளர்வு இருக்கும்படி ஸ்க்ரூவை இறுக்குங்கள். புதுக் கேபிள் மாட்டும்போது பலரும் விறைப்பாக இழுத்துக் கட்டிவிடுவார்கள். வெளியுறையின் கிளாம்ப் நழுவினாலும் இதே கதைதான்.

கடைசியாக, சோக் போட்டிருக்கும்போது ஐட்லிங் வேகத்தைக் கூட்டும் ஃபாஸ்ட் ஐட்லிங் ஸ்க்ரூ. பாதி சோக்கில் அணைவதற்குக் காரணம் இதுதான். குமிழை இழுக்கும்போது முதல் கொஞ்ச தூரம் ஜெட் அசையாது. கேம் என்னும் வளைந்த தகடு திரும்பி, காற்று வழியின் கதவான த்ராட்டிலை மட்டும் திறக்கும். அந்த ஸ்க்ரூ கேமைத் தொடாமல் வெகுதூரம் பின்னே இருந்தால் குளிர்ந்த இன்ஜினுக்குக் காற்று போதாது. சூடான இன்ஜினில், ஜெட் இறங்கத் தொடங்கும் விளிம்புவரை குமிழை இழுத்து நிறுத்தி, சுமார் 1000 ஆர்பிஎம் வரும்படி ஸ்க்ரூவைத் திருகுங்கள். குமிழை உள்ளே தள்ளியதும் ஸ்க்ரூவுக்கும் கேமுக்கும் நடுவே சிறு இடைவெளி தெரியணும். தொட்டுக்கொண்டிருந்தால் ஐட்லிங் வேகம் ஒருநாளும் கட்டுக்குள் வராது.

நாலு_சிலிண்டர்:
மேலே சொன்னதோடு ஒன்று. பழைய கேபிள் ஏன் கெட்டது என்று பார்த்தீர்களா? இன்ஜினுக்கும் பாடிக்கும் இடையே உள்ள எர்த் பட்டை கழன்றோ துருப்பிடித்தோ இருந்தால், ஸ்டார்ட்டர் மோட்டாரின் கரண்ட் சோக் கேபிள் வழியாகத் திரும்பும். கேபிள் சூடேறி, உறை உருகி, கம்பி இறுகிவிடும். செல்ஃப் அடிக்கும்போது கேபிள் வெதுவெதுப்பாகிறதா என்று தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பானால் எர்த் பட்டையைத்தான் மாற்றவேண்டும். கேபிளை மட்டும் மாற்றினால் அதுவும் போகும்.

டேஷ்பாட் எண்ணெயையும் பாருங்கள், அதாவது கார்புரேட்டர் பிஸ்டனின் மேலுள்ள குழாயில் இருக்கும் எண்ணெயை. மூடியோடு வரும் தண்டான டேம்பரை அதில் நுழைக்கும்போது, மூடி உட்கார 6 மி.மீ. இருக்கும்போதே தடை தெரியவேண்டும். எஸ்ஏஈ 20 தர எண்ணெய் போதும். எண்ணெய் வற்றியிருந்தால் குளிரில் ஆக்சிலேட்டர் மிதித்ததும் இருமும். அதையும் சோக் கோளாறு என்று நினைத்துவிடுவோம்.

பச்சை_மைனர்:
விரலால் தள்ளியதும் ஐட்லிங் சீரானது. ஜெட்டுக்கும் நட்டுக்கும் நடுவே ஏறத்தாழ 2 மி.மீ. இடைவெளி, கேபிள் விறைப்பாகத்தான் கட்டியிருந்தது. எல்லாம் சரிசெய்தாகிவிட்டது. ஒன்று மட்டும் பாக்கி: இழுத்து வைத்த குமிழ் தானாக உள்ளே நழுவுகிறது.

ஸ்பேனர்_பெட்டி:
ஜெட்டின் ஸ்பிரிங் இழுக்கிறது, அது நல்ல ஸ்பிரிங் என்று அர்த்தம். அதைத் தளர்த்தவோ கழற்றவோ கூடாது. குமிழை இழுத்தபின் கால் சுற்று திருப்பிப் பாருங்கள், பூட்டு வகையாக இருந்தால் நிற்கும். இல்லையென்றால் பூட்டு வகைக் கேபிளாக மாற்றுவதே வழி. துணிக் கிளிப்பை மாட்டி வைத்தால் எடுக்க மறந்து ஃபுல் சோக்கிலேயே ஓட்டிக்கொண்டிருப்பீர்கள்.