ஞாயிறு ஆராதனையின் மன்றாட்டு ஜெபம்: சபையார் மனதார ‘ஆமென்’ சொல்ல என்ன செய்யலாம்?

கேட்டவர்: நெல்லைச் சபையார்

அனைவருக்கும் ஸ்தோத்திரம். தென்னிந்தியத் திருச்சபையின் கிராமச் சபை ஒன்றில் நான் உறுப்பினன். எங்கள் சேகரத்தில் (ஒரே போதகரின் பொறுப்பிலுள்ள சபைகளின் தொகுப்பில்) பல சபைகள் இருப்பதால் ஐயர், அதாவது போதகர், மாதத்தில் ஒரு ஞாயிறுதான் எங்கள் ஆலயத்துக்கு வர முடிகிறது. மற்ற ஞாயிறுகளில் சபை ஊழியர் ஆராதனையை நடத்துகிறார். பிரசங்கத்துக்குப் பின் வரும் மன்றாட்டு ஜெபத்தை ஏறெடுக்கும் பொறுப்பு ஓராண்டாக என்னிடம் இருக்கிறது.

ஆராதனைக்கு முன் ஜெபக் குறிப்புச் சீட்டுகளை வாங்கி வைத்துக்கொள்வேன். பிறந்த நாள், திருமண நாள், நோயாளிகள், தேர்வு எழுதும் பிள்ளைகள், வேலை தேடுகிறவர்கள் என்று வரிசையாகச் சொல்லி முடிக்கப் பதினைந்து நிமிடம் ஆகிவிடுகிறது. ‘இந்த நல்ல வேளைக்காக உமக்கு ஸ்தோத்திரம்’ என்று தொடங்கினால் மற்றவை தாமாகவே வாயில் வந்துவிடுகின்றன. சில நேரம் என் வாய் பேசிக்கொண்டிருக்க, மனம் அடுத்த சீட்டைத் தேடிக்கொண்டிருக்கிறது. ஒரு முறை இடையில் கண்ணைத் திறந்தபோது, முன்வரிசையில் ஒரு பெரியவர் காணிக்கைக் கவரை மடித்து மடித்துத் தீப்பெட்டி அளவுக்குக் கொண்டுவந்திருந்ததைப் பார்த்தேன்.

என்னை உலுக்கியது வேறொன்று. இரண்டு மாதங்களுக்கு முன் எங்கள் சபையில் ஒரு தாய் வாலிப மகனை விபத்தில் பறிகொடுத்தார். அடக்க ஆராதனை நடந்த வாரம் அவருக்காக உருக்கமாக ஜெபித்தேன். அடுத்த வாரம் சீட்டு வரவில்லை, நானும் சொல்லவில்லை. மூன்றாம் வாரம் ஆலய வாசலில் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “தம்பி, அதுக்குள்ள என் பிள்ளைய மறந்துட்டீங்களே” என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

எழுதி வைத்து ஜெபிப்பது நல்லதா, உள்ளத்தில் வருகிறபடி ஜெபிப்பது நல்லதா? எவ்வளவு நேரம் ஜெபிக்கலாம்? சபையாரை எப்படிச் சேர்த்துக்கொள்வது? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டுங்கள்.

மறுமொழி 1: ஓய்வுபெற்ற போதகர், மதுரை

அன்புள்ள தம்பிக்கு, அந்தத் தாயின் வார்த்தையைப் பாரமாக எண்ணுகிறீர்களே, அதிலேயே உங்கள் கேள்விக்குப் பாதி விடை இருக்கிறது.

பொது ஆராதனையில் ஜெபிக்கிறவர் தமக்காக ஜெபிப்பதில்லை, சபைக்கு வாயாக நிற்கிறார். பின்னாளில் ரோமாபுரியில் இரத்தசாட்சியாக மரித்த ஜஸ்டின், ஏறத்தாழ கி.பி. 155-இல் தம் காலத்து ஞாயிறு ஆராதனையை விவரிக்கும்போது, வேதவாசிப்பும் போதனையும் முடிந்தபின் எல்லாரும் ஒன்றாக எழுந்து நின்று ஜெபித்தார்கள் என்றும், நடத்துகிறவர் நன்றி ஜெபம் சொன்னபின் ஜனங்கள் ‘ஆமென்’ என்று உடன்பட்டார்கள் என்றும் எழுதுகிறார். பவுலும் 1 கொரிந்தியர் 14-இல் இதைத்தான் கேட்கிறார்: நீ சொல்லுவது இன்னதென்று விளங்காதவன் உன் ஸ்தோத்திரத்திற்கு எப்படி ஆமென் சொல்லுவான்? அந்த ஆமென் ஜனங்களுடையது. பதினைந்து நிமிடம் தொடர்ந்து பேசிவிட்டு, எந்த விண்ணப்பத்துக்கு ஆமென் சொன்னோம் என்றே தெரியாத நிலையில் அவர்களை விடுவது, அவர்களுடைய பங்கைக் கையிலிருந்து வாங்கிக்கொள்வதற்குச் சமம் என்றே நான் கருதுகிறேன்.

அப்போஸ்தலர் 4-ஆம் அதிகாரத்தில் சபையார் ஏறெடுத்த ஜெபத்தை ஒருமுறை நிதானமாக வாசித்துப் பாருங்கள். பேதுருவும் யோவானும் மிரட்டப்பட்டுத் திரும்பியிருக்கிறார்கள், ஆபத்து வாசலில் நிற்கிறது. அப்படியிருந்தும் 24 முதல் 28 வரையுள்ள ஐந்து வசனங்களில் அவர்கள் எதையும் கேட்கவில்லை; தேவன் யார், என்ன செய்தார், வேதம் என்ன சொல்லியிருக்கிறது என்பவற்றையே அவருக்கு முன்பாக நினைவுகூருகிறார்கள். விண்ணப்பம் இரண்டே வசனங்கள். அதிலும் மிரட்டலை நீக்கும்படி கேளாமல், வசனத்தை முழு தைரியத்தோடும் சொல்ல அனுக்கிரகம் கேட்கிறார்கள். நம்முடைய ஜெபங்களில் இந்த அளவு பெரும்பாலும் தலைகீழாக இருக்கிறது.

நம் ஆராதனை முறைமையில் உள்ள சுருக்க ஜெபங்களும் இதே நடையில் அமைந்தவை. தேவனைப் பெயர்சொல்லி அழைத்து, அவர் செய்த ஒன்றை நினைத்து, ஒன்றே ஒன்றைக் கேட்டு, அது எதற்காக என்று சொல்லி, கிறிஸ்துவின் மூலமாய் முடிகிறது. ஆங்கிலிக்கன் சபையின் 1549-ஆம் ஆண்டுப் பொது ஜெபப் புத்தகத்திலிருந்து நம் கைக்கு வந்த செல்வம் இது. உங்கள் சீட்டுகளில் ஒன்றை எடுத்து இந்த நடையில் நான்கு வரி எழுதிப் பாருங்கள். எழுதுவதால் ஆவியானவர் விலகிப்போவதில்லை. சனிக்கிழமை இரவு முழங்காலில் நின்று எழுதும்போதும் அவர் உடனிருக்கிறார்.

மகனை இழந்த தாய்க்கு உடனே ஆறுதல் வார்த்தை தேடாதீர்கள். ‘கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?’ என்று 13-ஆம் சங்கீதம் தொடங்குகிறது. 88-ஆம் சங்கீதமோ இருளிலேயே முடிந்துவிடுகிறது. இவற்றைத் தேவஜனம் ஆராதனையில் பாடியிருக்கிறது. நாம் துதியையும் நன்றியையும் மட்டும் வைத்துக்கொண்டு புலம்பலைக் கல்லறைத் தோட்டத்திலேயே விட்டுவிட்டு வருகிறோம்.

மறுமொழி 2: பெந்தெகொஸ்தே சபை விசுவாசி, கோவை

போதகர் ஐயா சொன்ன அதே 24-ஆம் வசனம், அவர்கள் ‘ஒருமனப்பட்டு தேவனை நோக்கிச் சத்தமிட்டு’ ஜெபித்ததாகவும் சொல்லுகிறதே. எங்கள் சபையில் ஒரு குறிப்பைச் சொன்னவுடன் எல்லாரும் சேர்ந்து வாய்திறந்து ஜெபிப்போம். வெளியிலிருந்து கேட்பவர்களுக்கு அது இரைச்சலாகத் தோன்றலாம். ஆனால் எழுதப் படிக்கத் தெரியாத என் பாட்டி, ஒருவர் முகமும் பாராமல் தன் சொந்த வார்த்தையில் அழுது ஜெபிக்க இடம் கிடைத்தது அங்கேதான். எழுதிய ஜெபத்தை நான் குறை சொல்லவில்லை. மூன்று நிமிடமாவது சபையார் தங்கள் சொந்த வாயால் ஜெபிக்க இடங்கொடுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

மறுமொழி 3: கடற்கரைப் பங்கைச் சேர்ந்தவர், கன்னியாகுமரி மாவட்டம்

நான் கத்தோலிக்கப் பெண், திருப்பலியில் மன்றாட்டு வாசிப்பவள். வழிபாடு பற்றி 1963 டிசம்பர் 4-இல் எங்கள் ஆயர்களின் பொதுச்சங்கமான இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட ஏட்டில்தான், வழக்கொழிந்திருந்த நம்பிக்கையாளர் மன்றாட்டை ஞாயிறுகளிலும் திருநாள்களிலும் மீண்டும் கொண்டுவரும்படி சொல்லப்பட்டது. திரு அவைக்காக, ஆட்சியாளருக்காகவும் உலகுக்காகவும், துன்புறுவோருக்காக, கடைசியில் உள்ளூர்ச் சமூகத்துக்காக என்பது எங்கள் வழக்கமான வரிசை. இந்த வரிசை இருப்பதால், எங்கள் ஊர்க் கவலையில் மட்டும் மூழ்கிப்போகாமல் இருக்கிறோம். ஒவ்வொன்றுக்கும் ‘ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்’ என்று எல்லாரும் பதில் சொல்வதால், சிறு பிள்ளைகூட எங்கே சேர்ந்துகொள்வது என்று அறிந்திருக்கிறது.

ஆனால் அச்சிட்ட மன்றாட்டு மட்டும் போதாது என்பதை 2017-இல் கற்றோம். நவம்பர் 30-இல் ஓகிப் புயல் அடித்தது. டிசம்பர் 3, கிறிஸ்து பிறப்புக்கு ஆயத்தமாகும் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு; எங்கள் கரையில் பலர் இன்னும் திரும்பவில்லை. அன்று கையிலிருந்த புத்தகத்தில் எங்களுக்கான வரி ஒன்றும் இல்லை. புத்தகத்தை மூடிவிட்டு, கரை திரும்பாதவர்களின் பெயர்களை ஒரு பள்ளி நோட்டுத் தாளிலிருந்து ஒவ்வொன்றாக வாசித்தேன். நான்காவது பெயருக்குப் பின் பதிலுரை வரவில்லை, அழுகை மட்டும் வந்தது. பங்குத்தந்தை என்னைத் தொடரச் சொல்லாமல் தலைகுனிந்து நின்றார். அந்த அழுகையே எங்கள் பதிலுரையாக இருந்தது.

பிறகு அந்தத் தாளை நாங்கள் தூக்கிப்போடவில்லை. லட்சத்தீவிலும் மகாராஷ்டிரக் கரையிலும் ஒதுங்கியவர்களைப் பற்றிச் செய்தி வரவர, மீண்டவர்களின் பெயர்களை நன்றிப் பகுதிக்கு மாற்றினோம். திரும்பாதவர்களின் பெயர்களை ஓராண்டு முழுவதும் வாசித்தோம். அண்ணன், நீங்களும் ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். சீட்டை மட்டும் நம்பினால், எழுதிக் கொடுக்கத் தெம்பில்லாதவர்கள் விடுபட்டுப் போவார்கள்.

கேட்டவரின் மறுமொழி: நெல்லைச் சபையார்

மூவருக்கும் நன்றி. நேற்று மாலை அந்த அம்மா வீட்டுக்குப் போய், ஞாயிறு ஜெபத்தில் மகன் பெயரைச் சொல்லலாமா என்று கேட்டேன். வெகு நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “ஆறுதல் தாரும்னு கேக்காதீங்க தம்பி. அவன் நம்ம கோயில்ல வளந்தான்னு மட்டும் சொல்லுங்க” என்றார். திரும்பி வந்து நான் எழுதியது இவ்வளவுதான்:

‘எங்கள் பேர்களை அறிந்த தேவனே, இந்த ஆலயத்தில் ஞானஸ்நானம் பெற்று, ஓய்வுநாள் பள்ளியில் வசனம் படித்து, பாடகர் குழுவில் எங்களோடு நின்ற உம்முடைய பிள்ளையை உமக்கு முன்பாக நினைக்கிறோம். எதுவரைக்கும் என்று கேட்கிற அவன் தாயோடு நாங்களும் கேட்கிறோம்.’

இதன்பின் மௌனம் விட நினைக்கிறேன். எங்கள் சபைக்கு அது பழக்கமில்லை. எவ்வளவு நேரம் விடலாம், ஐயா?

மறுமொழி: ஓய்வுபெற்ற போதகர், மதுரை

கர்த்தருடைய ஜெபத்தை மனதுக்குள் ஒருமுறை மெதுவாகச் சொல்லி முடிக்கும் நேரம் விடுங்கள். ‘சற்று நேரம் மௌனமாயிருப்போம்’ என்று முன்னதாகச் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் ஒலிவாங்கி நின்றுபோயிற்றோ என்று ஜனங்கள் கண்ணைத் திறந்து பார்ப்பார்கள். மௌனத்தின் முடிவில் நீங்கள் ஆமென் சொல்லாதீர்கள். சபையார் சொல்லட்டும், காத்திருங்கள்.