உதவி தேவை: 1935 ஜெர்மன் கிராண்ட் பிரீ கணக்கில் சராசரி வேகம் 3601 என்று வருகிறது

தாழம்பூ:
எல்லாருக்கும் வணக்கம். என் மகள் எட்டாம் வகுப்பு. கணக்குப் பாடத்தில் "தூரம், நேரம், வேகம்" பற்றி ஒரு செயல்திட்டம் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். ரயில், பஸ் எல்லாம் மற்றவர்கள் எடுத்துவிட்டார்கள் என்று அவளே ஒரு பழைய கார் ரேஸைப் பிடித்துக்கொண்டாள். 1935 ஜூலை 28, ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் மலைப்பாதை. இத்தாலிக்காரர் தாட்சியோ நுவோலாரி ஜெயித்த ஜெர்மன் கிராண்ட் பிரீ ரேஸ். இரண்டு வாரமாக எங்கள் வீட்டில் சாப்பாட்டு நேரத்தில்கூட இந்தப் பேச்சுதான்.

கணினியில் ஸ்ப்ரெட்ஷீட்டில் (கணக்கு ஷீட்) போட்டிருப்பது இவ்வளவுதான்:

சுற்றுகள்: 22
ஒரு சுற்றின் நீளம்: 28.265 கி.மீ.
நுவோலாரி எடுத்த நேரம்: 4:08:40

22-ஐ 28.265-ஆல் பெருக்கினால் 621.83 கி.மீ. அதை நேரத்தால் வகுத்தால் முதலில் ஏதோ கடிகார மணி மாதிரி காட்டியது. நம்பர் என்று மாற்றினேன், 3601 வருகிறது! புத்தகத்தில் மணிக்கு 121 கி.மீ. சொச்சம் என்று இருக்கிறது.

இன்னொன்று. நடுவில் பெட்ரோல் போட நின்றபோது அவருக்கு 2 நிமிடம் 14 வினாடி போய்விட்டதாம். அதைக் கழித்தால் ஓடிய நேரம் மட்டும் வரும் என்று 2:14 போட்டுக் கழித்தாள். 1:54:40 என்கிறது. நாலு மணி நேர ரேஸ் எப்படி இரண்டு மணி நேரத்துக்கும் கீழே போகும்? திங்கட்கிழமை ஒப்படைக்க வேண்டும். தயவுசெய்து யாராவது பாருங்கள்.

நீலமை:
அக்கா, ஃபார்முலாவை அப்படியே போடுங்க, பார்க்கலாம்.

தாழம்பூ:
=பி2/சி2. பி2-வில் தூரம், சி2-வில் நேரம்.

நீலமை:
அதுதான் காரணம். நமக்கு 4:08:40 நாலு மணி எட்டு நிமிஷம். ஷீட் உள்ளுக்குள்ள அதை ஒரு நாளின் பங்காகத்தான் வெச்சிருக்கும், 0.1727 நாள்னு. நீங்க வகுத்தப்ப வந்தது "ஒரு நாளைக்கு இத்தனை கி.மீ." மணிக்கு எவ்வளவுன்னு தெரியணும்னா நேரத்தை 24-ஆல பெருக்கணும்:

=பி2/(சி2*24)

ரெண்டாவது தப்பு இதைவிடச் சின்னது. வெறும் 2:14 போட்டா ஷீட் அதை ரெண்டு மணி பதினாலு நிமிஷம்னு எடுத்துக்கும். 0:02:14-னு முழுசா போடுங்க. 4:06:26 வரும்.

தாழம்பூ:
ரொம்ப நன்றி தம்பி. கழித்தல் சரியாகிவிட்டது. ஆனால் வேகம் இப்போது 150.04 வருகிறது. 3601-க்கு இது எவ்வளவோ மேல், ஆனாலும் 121 இல்லையே. நேரத்தை மூன்று தடவை சரிபார்த்துவிட்டோம். மகள் "புத்தகம்தான் தப்பு" என்கிறாள்.

வரைபடப் பெட்டி:
புத்தகம் சரி அம்மா. நேரமும் சரி. தப்பு 28.265-ல் இருக்கிறது, ஆனால் அதுவும் பொய்யான எண் இல்லை. அதே பாதையின் வேறொரு நீளம் அது.

நூர்பர்க்ரிங் 1927-ல் ஐஃபெல் மலைப்பகுதியில், நூர்பர்க் கோட்டையைச் சுற்றித் திறக்கப்பட்டது. வடக்குச் சுற்று, தெற்குச் சுற்று என்று இரண்டு பாதைகள். இரண்டையும் சேர்த்து ஓட்டினால் 28.265 கி.மீ. வடக்கு மட்டும் 22.81, தெற்கு மட்டும் 7.747. (உங்கள் மகள் கூட்டிப் பார்ப்பாள், 28.265 வராது. தொடக்கக்கோடு இருக்கிற பகுதி இரண்டுக்கும் பொது, தனித்தனியாக அளக்கும்போது இரண்டிலும் சேர்ந்துவிடுகிறது.)

1927 முதல் 1929 வரை ஜெர்மன் கிராண்ட் பிரீ முழுச் சுற்றில் நடந்தது. 1931-லிருந்து வடக்குச் சுற்று மட்டும். நீங்கள் பார்த்தது திறப்புக் காலத்து வரைபடமாக இருக்க வேண்டும்.

இதை அவளே கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. 1929-ல் ஓட்டியது 18 சுற்று, 18 × 28.265 = 508.77 கி.மீ. 1935-ல் 22 சுற்று, 22 × 22.81 = 501.82 கி.மீ. இரண்டும் ஐந்நூறைத் தாண்டி நிற்கின்றன. 1934-ல் வந்த விதியில் கிராண்ட் பிரீ குறைந்தது 500 கி.மீ. ஓடியாக வேண்டும். 621 என்று வந்தபோதே சந்தேகப்பட்டிருக்கலாம் என்று அவளிடம் சொல்லுங்கள், அடுத்த தடவை பழகிவிடும்.

501.82 போட்டால் 121.08 வரும்.

தாழம்பூ:
வந்துவிட்டது!! 121.08. அவள் குதித்த குதியில் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து கேட்டுவிட்டுப் போனார். பெட்ரோல் நேரம் கழித்து 122.18.

ஐயா, இன்னொரு கேள்வி. இது ஷீட் சம்பந்தப்பட்டது இல்லை, அவள் கேட்பது. ஜெர்மன் கார்களுக்கு இஞ்சின் சக்தி இவ்வளவு அதிகம் என்றால் இவர் எப்படி முந்தினார்? "வேகம் = தூரம் / நேரம்" என்பதில் இதற்கு இடமே இல்லையே என்கிறாள்.

கார்புரேட்டர்:
இந்தக் கேள்விக்காகவே உள்ளே வந்தேன். எனக்கு உயிரான ரேஸ் இது, கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

நுவோலாரி ஓட்டியது அல்ஃபா ரோமியோ பி3. அனுப்பியது என்சோ ஃபெராரி நடத்திய ஸ்குடேரியா ஃபெராரி என்ற ரேஸ் அணி. எட்டு சிலிண்டர், 3.2 லிட்டர், சுமார் 265 குதிரைத்திறன். எதிரே ஒன்பது ஜெர்மன் கார்கள்: ஐந்து மெர்சிடிஸ், நாலு ஆட்டோ யூனியன். ஆட்டோ யூனியனில் மட்டும் பதினாறு சிலிண்டர், கிட்டத்தட்ட 5 லிட்டர், சுமார் 375 குதிரைத்திறன். ஓட்டுநர், எரிபொருள், எண்ணெய், தண்ணீர், டயர் எல்லாம் நீங்கலாகக் கார் 750 கிலோவைத் தாண்டக் கூடாது. அந்த விதி எடைக்குத்தான் கடிவாளம் போட்டது, இஞ்சின் அளவுக்குப் போடவில்லை. ஜெர்மன்காரர்கள் பெரிய இஞ்சினையே அந்த எடைக்குள் அடக்கிக்காட்டினார்கள்.

ஆனால் அன்று தொடக்கத்தில் தரை ஈரம். பாதையோ நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட வளைவு, மேட்டுக்கும் பள்ளத்துக்கும் சுமார் 300 மீட்டர் வித்தியாசம். மெலிந்த டயரில் அவ்வளவு சக்தியைக் கொட்டினால் சக்கரம் வழுக்கிச் சுழலும், கார் நகராது. நுவோலாரிக்கு அப்போது 42 வயது. வளைவில் காரைச் சறுக்கவிட்டே திருப்புகிற கை. பத்தாவது சுற்றில் முன்னிலைக்கு வந்துவிட்டார்.

அப்புறம்தான் மகள் சொல்லும் அந்த 2:14. பெட்ரோல் ஏற்றும் பம்ப் உடைந்துபோக, மெக்கானிக்குகள் கேன்களில் ஊற்றினார்கள். அதே சமயம் நின்ற மெர்சிடிஸ் ஓட்டுநர் மான்ஃபிரெட் ஃபொன் பிரவுகிட்ச் 47 வினாடியில் கிளம்பிவிட்டார். நுவோலாரி ஆறாவது இடத்துக்குப் போனார். திரும்ப ஒவ்வொருவராகப் பிடித்து இரண்டாவது இடம் வரை வந்தார்.

கடைசிச் சுற்று தொடங்கும்போது பிரவுகிட்ச் சுமார் அரை நிமிடம் முன்னால். அவருடைய பின் டயர் தேய்ந்துபோயிருந்தது. இங்கேதான் உங்கள் மகளின் ஷீட் வேலை செய்கிறது. டயர் மாற்ற நின்றால் அந்த அரை நிமிடம் கரைந்துவிடும். நிற்கவில்லை. அந்தச் சுற்றிலேயே டயர் வெடித்தது. நுவோலாரி தாண்டிப் போய்விட்டார். பிரவுகிட்ச் ரிம்மிலேயே உருட்டிக்கொண்டு வந்து ஐந்தாவதாக முடித்தார். இரண்டாவது ஹான்ஸ் ஷ்டுக், ஒன்றரை நிமிடத்துக்கும் மேல் பின்னால். மூன்றாவது கராச்சியோலா. இரண்டிலிருந்து ஒன்பது வரை எல்லாமே ஜெர்மன் கார், முதலிடம் மட்டும் சிவப்பு அல்ஃபா. எத்தனை தடவை படித்தாலும் எனக்கு மயிர்க்கூச்செறியும்.

நீலமை:
அப்போ 2:14-ஐ முழுசா கழிக்கறது நியாயமா? எல்லாரும்தானே நின்னாங்க?

கார்புரேட்டர்:
நல்ல கேள்வி. பம்ப் நன்றாக இருந்திருந்தாலும் கொஞ்ச நேரம் நின்றுதான் ஆகணும். பிரவுகிட்சின் 47 வினாடியை அளவாக வைத்தால், பம்ப்பால் போனது 1 நிமிடம் 27 வினாடி. இதற்கு ஒரு தனி வரி போடலாம். 122.18 என்பதை "கார் நின்ற நேரம் நீங்கலாக" என்று எழுதச் சொல்லுங்கள். நிற்க வேகம் குறைத்ததும் மறுபடி வேகம் எடுத்ததும் அதில் கழியவில்லை.

இன்னொரு வரியும் சேர்க்கலாம். அன்றைய வேகமான சுற்று பிரவுகிட்ச் ஓட்டிய 10 நிமிடம் 32 வினாடி. 0:10:32 என்று போடணும். 22.81 கி.மீ.க்கு மணிக்கு 129.93. நுவோலாரியின் சராசரிச் சுற்று 11 நிமிடம் 18 வினாடி.

தாழம்பூ:
ஐயா, தம்பி, வரைபடப் பெட்டி சார், மூன்று பேருக்கும் கைகூப்பி நன்றி. அவள் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்தாள். டயர் வெடித்த இடத்தில் "ஐயோ பாவம் அவர்" என்று பிரவுகிட்சுக்காக வருத்தப்பட்டாள்.

சார்ட் பேப்பரில் இப்போது வடக்குச் சுற்றை மட்டும் பச்சையில் வரைந்து 22.81 எழுதியிருக்கிறாள். தெற்கைப் புள்ளிக்கோடாக விட்டு, "1929 வரை" என்று பக்கத்தில் குறித்திருக்கிறாள். 3601, 150.04, 121.08 மூன்றையும் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றும் ஏன் வந்தது என்று ஒரு வரி போடப் போகிறாளாம். தப்பான விடையை எதற்கு ஒட்டுகிறாய் என்று கேட்டேன். "அதைக் கண்டுபிடிக்கத்தானே ரெண்டு நாள் ஆச்சு" என்றாள். ஒட்டட்டும் என்று விட்டுவிட்டேன்.