பின்னொளிர்வுக்கு அரைவாழ்வுக்காலம் உண்டா?

முறிகண்டியான்:
2008 மார்ச்சில் நாங்கள் ஒட்டுசுட்டானில் இருந்தோம். கரன்ட் இல்லை. ஜாம் போத்தல் விளக்கையும் எட்டு மணிக்கே நூர்த்துவிடுவோம், மண்ணெண்ணெய் விற்ற விலை அப்படி. வானம் அப்படியொரு இருட்டு. அந்த மாதம் 19ஆம் திகதி, 750 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் நடந்த ஒரு காமாக் கதிர் வெடிப்பு (விண்வெளியில் திடீரென்று காமாக் கதிர் பீறிடும் பிரமாண்ட வெடிப்பு) வெறுங்கண்ணுக்கே தெரியுமளவுக்கு மின்னியதாம். எங்கள் முற்றத்தில் நின்று பார்த்திருக்கலாமா? மற்றது, அதன் பின்னொளிர்வுக்கு, அதாவது வெடிப்புக்குப் பிறகு மங்கிக்கொண்டே போகும் வெளிச்சத்துக்கு, அரைவாழ்வுக்காலம் (பாதியாகக் குறைய எடுக்கும் நேரம்) எவ்வளவு? ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) கதிரியக்கக் கணக்கு மாதிரிப் போட்டுப் பார்த்தேன், பொருந்துகிறதே இல்லை.

மாங்குளம் மாஸ்ரர்:
தம்பி, முதல் கேள்வி லேசு. வெடித்தது உலக நேரம் காலை 6.12. எங்களுக்குப் பகல் 11.42! அது நடந்த இடமோ சுவாதி நட்சத்திரம் இருக்கிற மண்டலம். அந்நேரம் அடிவானத்துக்குக் கீழே கிடந்தது. இரவு சுவாதி கிழக்கில் ஏறும்போது எல்லாம் முடிந்துவிட்டது. கண்ணுக்குத் தெரிந்ததே அரை நிமிடம் அளவுதான்.

அரைவாழ்வு இதற்குக் கிடையாது. வெடிப்பில் பீறிட்ட தாரை சுற்றியிருக்கும் வாயுவில் மோதி, அதை அள்ள அள்ள வேகம் குறைகிறது. வெளிச்சம் ஏறத்தாழ நேரத்துக்கு நேர்மாறாக விழும். வெடித்து ஒரு மணித்தியாலத்தில் இருந்த வெளிச்சம் பத்தாம் மணித்தியாலத்தில் பத்திலொன்றாகும். அது மறுபடி பத்திலொன்றாவது நூறாம் மணித்தியாலத்தில், அதாவது நாலு நாளில். பாதியாகும் நேரம் ஒவ்வொரு தடவையும் நீண்டுகொண்டே போகும். இரண்டு அச்சிலும் மடக்கை எடுத்துக் கீறிப் பாரும், நேர்கோடு வரும்.

வவுனியா அக்கா:
மாஸ்ரர் சொல்வது சரி, ஆனால் எல்லாம் அவ்வளவு நல்ல பிள்ளைகள் இல்லை. 2003 மார்ச் 29 வெடிப்பின் பின்னொளிர்வு எங்கள் குளத்துக்கட்டு ரோட் மாதிரி, மேடும் பள்ளமும். மெதுவாக வந்த பொருள் பின்னால் வந்து முட்டி வெளிச்சத்தை ஏற்றியது என்பது ஒரு விளக்கம். கொஞ்ச நாளில் அதே இடத்தில் ஒரு சூப்பர்நோவாவும் (நட்சத்திரம் வெடித்துச் சிதறும் வெளிச்சம்) தெரிந்தது. 2004இல் ஏவிய சுவிஃப்ட் செய்மதி எக்ஸ் கதிரில் பார்த்தபோது இன்னொரு கூத்து: பல வெடிப்புகளில் முதலில் செங்குத்தாக விழுந்து, பிறகு மணித்தியாலக் கணக்கில் கிட்டத்தட்டச் சமதரையாக நின்று, அதற்குப் பிறகுதான் மாஸ்ரரின் கோடு.

முறிகண்டியான்:
எக்செல்லில் வேறொரு வெடிப்பைப் போட்டேன். கோடு வந்தது மாஸ்ரர்! கடைசி மூன்று புள்ளி மட்டும் கோட்டை விட்டுக் கீழே கிடக்கின்றன. நான் விட்ட பிழையா?

மாங்குளம் மாஸ்ரர்:
இருக்கலாம். இல்லாவிட்டால் தாரையின் விளிம்பு எங்களுக்குத் தெரியத் தொடங்கியிருக்கும். அதிலிருந்து வெளிச்சம் இன்னும் வேகமாக விழும். எக்ஸ் கதிரிலும் அதே நாளில் கோடு முறிகிறதா என்று பாரும். முறிந்தால் விளிம்பாகத்தான் இருக்கும்.