தொடர் கொலையாளிகளால் நிறுத்தவே முடியாதா?

கேள்வி:
தொடர் கொலைகள் செய்பவர்களால் தங்களைக் கட்டுப்படுத்திக்கொள்ள முடியாது, அது ஒருவித வெறி என்றே பெரும்பாலும் எழுதுகிறார்கள். அப்படியானால், ஒரு கொலைக்கும் அடுத்த கொலைக்கும் நடுவே ஆண்டுக்கணக்கில் மனைவி மக்களோடு இயல்பாக வாழ எப்படி முடிகிறது? இது மனநோயா?

பதில் 1:
நானும் அப்படி நம்பியவன்தான். அமெரிக்காவின் விச்சிட்டா பகுதியில் பத்துப் பேரைக் கொன்ற டென்னிஸ் ரேடரின் வழக்கைப் படித்த பிறகு அந்த நம்பிக்கை போய்விட்டது. 1974இல் தொடங்கிய அவர், 1991இல் செய்த கொலையோடு நிறுத்திக்கொண்டு, 2005இல் பிடிபடும்வரை தேவாலய நிர்வாகியாகவும் குடும்பத் தலைவராகவும் வலம் வந்தார். கொலையுண்டவர்களிடமிருந்து எடுத்த பொருள்களையும் தாமே வரைந்த படங்களையும் ஒளித்துவைத்து, நடந்ததை மனத்துக்குள் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்பதே அவருக்குப் போதுமானதாக இருந்திருக்கிறது. பல ஆண்டுகளாக மனத்தில் ஊறிய கற்பனைதான் இத்தகையோரை இயக்குகிறது என்பதும், நேரில் நடப்பது அந்தக் கற்பனைக்கு ஒருபோதும் ஈடாகாததால்தான் மறுபடி முயல்கிறார்கள் என்பதும் எனக்குப் பொருத்தமாகவே படுகிறது.

பதில் 2:
மனநோயா என்று கேட்டதற்கு: இல்லாத குரல்கள் கேட்கும் அளவுக்கு மனம் பிறழ்ந்தவர்கள் இவர்களில் குறைவு. பலரிடம் காணப்படுவது, பிறர் வலி தன்னைத் தொடாத 'சைக்கோபதி' என்னும் ஆளுமைக் கோளாறு. கனடிய உளவியலாளர் ராபர்ட் ஹேர் உருவாக்கிய இருபது அம்ச அளவுகோலில் நாற்பதுக்கு முப்பது பெற்றால் அப்படி வகைப்படுத்துவது வழக்கம். ஆனால் அந்த மதிப்பெண் பெறுபவர்களில் பெரும்பாலோர் யாரையும் கொல்வதில்லை. சிறுவயதில் படுக்கையை நனைத்தல், தீ வைத்தல், விலங்குகளை வதைத்தல் ஆகிய மூன்றும் சேர்ந்தால் வருங்காலக் கொலையாளி என்னும் 1963ஆம் ஆண்டுக் கருத்துக்கும் பிந்தைய ஆய்வுகளில் வலுவான ஆதாரம் கிடைக்கவில்லை (தொலைக்காட்சித் தொடர்கள் மட்டும் அதை விடுவதாக இல்லை).

பதில் 3:
முதல் பதிலில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. கற்பனையே காரணம் என்ற விளக்கம், எஃப்.பி.ஐ. அதிகாரிகள் சிறையில் 36 குற்றவாளிகளைச் சந்தித்துப் பேசியதிலிருந்து வலுப்பெற்றது. அதாவது, பிடிபட்டு, பேசவும் முன்வந்தவர்கள் தங்களைப் பற்றிச் சொன்னது. இங்கிலாந்து மருத்துவர் ஹரால்ட் ஷிப்மனை அதில் எங்கே பொருத்துவது? வலிநிவாரணி ஊசியாலேயே நோயாளிகளைக் கொன்ற அவர்மீது பதினைந்து கொலைகள் 2000இல் நிரூபிக்கப்பட்டன. விசாரணைக் குழுவின் மதிப்பீடோ ஏறத்தாழ 250. அதிகாரமா, பழக்கமா, வேறு ஏதாவதா என்று பலரும் ஊகித்தார்கள். அவர் குற்றத்தையே ஒப்புக்கொள்ளாமல் 2004இல் சிறையில் இறந்துபோனார்.